சிரிக்கவும் அழவும் ஒரு பேச்சு

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



அயர்லாந்தின் மேற்குக் கரையிலே கொன்னமாரா என்றொரு பகுதி உண்டு. கல்லும் காற்றும் உப்பும் நிறைந்த நிலம். வயலுக்கு வேலி போட மரமில்லாத காரணத்தால் கல்லை அடுக்கி மதிலாக்கிய ஊர்கள். கொஞ்சம் தள்ளிக் கடலுக்குள் அறன் தீவுகள். நெடுந்தீவின் கல்வேலிகளைக் கண்டவர்களுக்கு இதற்கு மேல் வருணனை தேவையில்லை. அந்தக் கரையிலிருந்துதான் 1996 ஒக்ரோபர் 31ஆம் நாள் ஐரிஷ் மொழிக்கென ஒரு தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. இன்று அதற்கு ரி.ஜி. 4 என்று பெயர்.

செய்தியும் கலாசார விவரணங்களும் அதிலே வந்தது வியப்பன்று. சிறுபான்மை மொழிக்கு ஒரு நிலையம் கிடைத்தால் முதலில் வருவது அவைதான். தொடங்கிய ஆண்டிலேயே ஒரு நகைச்சுவைத் தொடரும் வந்தது என்பதே என் கவனத்தை ஈர்க்கிறது. பெயர் 'சி.யூ. பேர்ண்'. உரக்க வாசித்தால் ஆங்கிலத்திலே "நீ எரியப் பார்க்கிறேன்" என்பது போலக் காதில் விழும். டொனகோல் பகுதியிலே சகோதரர் இருவர் ஒரு தகனசாலை திறக்கிறார்கள். அது சதுப்பு நிலத்திலே வெட்டிக் காயவைத்த மண்கட்டியால் எரிகிறது. அந்தக் கட்டிதான் அங்கே ஏழை வீட்டு அடுப்பு விறகு. எங்கள் ஊரிலே பனைமட்டையும் கொக்கறையும் போட்டு எரிக்கும் நவீன தகனசாலை ஒன்றை இரண்டு அண்ணன் தம்பிமார் திறந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பகிடி உடனே விளங்கும்.

பகிடிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஆங்கில ஆட்சியாலும் 1840களின் பெரும் பஞ்சத்தாலும் நொந்து சுருங்கிய மொழி ஐரிஷ். சுதந்திரத்துக்குப் பிறகு அது பாடசாலையிலே கட்டாய பாடமானது. அரசாங்கப் பத்திரங்களிலும் தெருப் பலகைகளிலும் இடம்பெற்றது. எல்லோரும் மரியாதை செய்தார்கள், சிலரே பேசினார்கள். 2022ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, வகுப்பறைக்கு வெளியே நாள்தோறும் அதைப் பேசுவோர் ஏறத்தாழ 72,000 பேர் மட்டுமே. இப்படிப்பட்ட மொழிக்கு மரியாதையே ஒரு நோயாகிவிடுவதுண்டு. அந்த மொழியிலே கள்ளச் சிரிப்புச் சிரிக்கும் இரண்டு வெட்டியான்களைக் காட்டியது துணிச்சல்தான்.

அதே ஆண்டில் 'ரொஸ் ந ரூன்' என்ற தொடர் நாடகமும் ஆரம்பித்தது. கற்பனையான ஒரு கொன்னமாராக் கிராமத்திலே நடக்கும் கதை. கடை, மதுச்சாலை, கடன், கள்ளக்காதல், குடும்ப வன்முறை, ஓரினக் காதல் என்று ஊரிலே என்னென்ன நடக்குமோ அவ்வளவும் உண்டு. கால் நூற்றாண்டைக் கடந்தும் அது நடந்துவருகிறது. ஒரு தொடர் அவ்வளவு காலம் ஓடினால் அந்த மொழியிலே எழுதுகிறவருக்கும் நடிக்கிறவருக்கும் ஒலிப்பதிவு செய்கிறவருக்கும் அதுவே தொழிலாகிறது. மொழிப்பற்றினால் மட்டும் ஒருவர் வாரம் இரண்டு அத்தியாயம் எழுதிவிட முடியாது, நேயர்களே. வீட்டு வாடகையும் கட்ட வேண்டும்.

இந்த நிலையம் வானத்திலிருந்து விழவில்லை. 1970இல் கொன்னமாராவிலே சில இளைஞர்கள் அனுமதியில்லாமல் ஒரு வானொலியை நடத்தினார்கள். இரண்டு ஆண்டுகளில் அரசாங்கமே ஐரிஷ் மொழி வானொலி ஒன்றைத் தொடங்க நேர்ந்தது. 1987இல் மறுபடியும் அனுமதியின்றி, இம்முறை தொலைக்காட்சி. அதற்குப் பிறகும் ஒன்பது ஆண்டுகள் சென்றன.

அதற்கு முன்னர் உலகம் அந்தத் தீவுகளின் துயரத்தை எந்த மொழியிலே கேட்டது? ஜோன் மில்லிங்ரன் சிங் என்ற நாடகாசிரியர் அறன் தீவுகளுக்குப் போய்ப் பல கோடைகளைக் கழித்தார். கடலுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுக்கும் ஒரு தாயைப் பற்றி ஓரங்க நாடகம் எழுதினார். 1904இல் மேடையேறிய அது உலகப் புகழ் பெற்றது, நியாயமான புகழ்தான். ஆனால் அந்தத் தாய் அதிலே அழுதது ஆங்கிலத்தில். ஐரிஷ் வாக்கிய அமைப்பின் சாயல் ஏறிய அழகான ஆங்கிலம்; ஆயினும் ஆங்கிலம். தீவுத்தாய் தன் மொழியிலேயே அழவும் ஏசவும் பகிடி விடவும் கூடிய ஒரு நிலையம் வர மேலும் 92 ஆண்டுகள் ஆயின.

இனி எங்கள் கதைக்கு வருவோம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைத் தமிழர் 22 லட்சத்துக்கு மேல். தமிழ் அழிகிற மொழியன்று. தமிழகத்தையும் சேர்த்தால் கோடிக்கணக்கானோர் பேசும் மொழி. ஆகவே ஐரிஷ் மொழியோடு என்ன ஒப்பீடு என்று நீங்கள் கேட்கலாம். நான் ஒப்பிடுவது தமிழையன்று, யாழ்ப்பாணப் பேச்சை. அதற்குள்ளும் தீவகப் பேச்சை. எழுத்துத் தமிழுக்குக் காவலர் பலர். சென்னைப் பேச்சுக்குத் திரைப்படம் காவல். நெடுந்தீவிலும் புங்குடுதீவிலும் ஊர்காவற்றுறையிலும் ஒரு கிழவி பேத்தியை ஏசும் பேச்சுக்கு எந்த நிலையம் காவல்?

எங்கள் தொடக்கம் மோசமானதன்று. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இலேயே 'நானாடகம்' என்ற நூலை வெளியிட்டார். 'உடையார் மிடுக்கு', 'முருகன் திருகுதாளம்', 'கண்ணன் கூத்து', 'நாட்டவன் நகர வாழ்க்கை' என நான்கு நாடகங்கள். மேடையிலே அரசர்கள் செந்தமிழில் முழங்கிய காலம் அது. அப்போது உடையாரையும் வேலைக்காரனையும் அவரவர் வாயால் பேசவைத்து, அந்தப் பேச்சை ஒலிப்பு வழுவாமல் எழுத்திலும் வடித்தவர் அவர். சாசனத் தமிழை ஆராய்ந்து இலண்டனிலே கலாநிதிப் பட்டம் பெற்றவர் என்பதையும் மறக்கக் கூடாது. பழந்தமிழை அறிந்தவருக்குத்தான் பேச்சுத் தமிழின் பெறுமதி தெரிந்தது.

ஒரேயொரு உதாரணம் சொல்கிறேன். அது, இது என்ற இரண்டுக்கும் நடுவே உது என்று ஒன்று இருக்கிறது. அவன், இவன், உவன். அங்கை, இஞ்சை, உங்கை. பழைய இலக்கண நூல்கள் சொல்லும் உகரச் சுட்டு தமிழகத்துப் பேச்சிலே வழக்கொழிந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலே குழந்தைகளும் பேசுகிறார்கள். நாடகக்காரனுக்கு இது எவ்வளவு பெரிய கருவி! "அவர் என்ன சொல்லுறார்?" என்றால் வெறும் கேள்வி. "உவர் என்ன சொல்லுறார்?" என்று ஒரு கிழவி கேட்டால், அவர் பக்கத்திலேதான் நிற்கிறார், அவர் காதிலே விழ வேண்டும், அவரைக் கிழவி மதிக்கவில்லை என்ற மூன்று செய்தியும் ஓர் எழுத்திலே வந்துவிடுகின்றன. இதைச் சென்னைத் தமிழில் சொல்ல ஒரு முழு வசனமும் முகச்சுழிப்பும் வேண்டும்.

இலங்கை வானொலி இந்தக் கருவியை எடுத்தாண்டது. தமிழ் நாடகத் தயாரிப்பாளராக இருந்த 'சானா' சண்முகநாதன் காலத்திலே இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்', 'லண்டன் கந்தையா' ஆகியவை வீடு வீடாகக் கேட்கப்பட்டன. இலங்கையர்கோன் சிறுகதையிலே எவ்வளவு செம்மையான நடைக்காரர் என்பது உங்களுக்குத் தெரியும். அவரே வானொலிக்கென்று வந்தபோது ஊர்ப்பேச்சைத் தேர்ந்தெடுத்தார். பின்னர் மரைக்கார் ராமதாஸின் 'கோமாளிகளின் கும்மாளம்' வந்தது. முஸ்லிம் தமிழ் பேசும் மரைக்கார், யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டி, சிங்களவர் தமிழ் பேசும் உபாலி, ஐயர் தமிழ் பேசும் ஐயர். இந்த நாட்டிலே எத்தனை விதமாகத் தமிழ் பேசப்படுகிறது என்பதே அந்தத் தொடரின் பகிடி. 1976இல் அது 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் ஆனது. கே.எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' தனிநடிப்பைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஒரு பஸ் நடத்துநரின் வாயிலே யாழ்ப்பாணச் சமூகம் முழுவதையும் ஏற்றி இறக்கிக் காட்டினார் அவர்.

இவையெல்லாம் சிரிப்பு. அழுகைக்கும் வானொலி இடம் கொடுத்தது. சில்லையூர் செல்வராசன் திரைப்படத்துக்கென எழுதிய 'தணியாத தாகம்' வானொலித் தொடராக ஒலித்தபோது கேட்டு அழாத வீடு குறைவு. அழுதவர்கள் யாழ்ப்பாணப் பேச்சைக் கேட்டுத்தான் அழுதார்கள். மேடையிலே குழந்தை ம. சண்முகலிங்கம் 'எந்தையும் தாயும்' நாடகத்திலே, பிள்ளைகள் வெளிநாடு போய்விட வீட்டைக் காத்திருக்கும் முதியவர்களை அதே பேச்சிலே எங்கள் முன் நிறுத்தினார். ஆகவே இந்தப் பேச்சுக்குத் துயரத்தைத் தாங்கும் வலு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வானொலியும் மேடையும் அதை நிரூபித்துவிட்டன.

திரையிலேதான் கதை வேறு. வானொலி நாடகத்துக்கு ஒரு கலையகம், ஒரு மைக், நல்ல குரல்கள், தேங்காய்ச் சிரட்டையால் குதிரைக் குளம்பு எழுப்பத் தெரிந்த ஒருவர் போதும். தொலைக்காட்சிக்குப் பணம் வேண்டும். 1982இல் ரூபவாஹினி தொடங்கியபோது தமிழுக்குக் கிடைத்த நேரம் சொற்பம். நாடகத்துக்கு அதிலும் சொற்பம். 1998இல் சக்தியும் 2009இல் வசந்தமும் வந்தபின் நேரம் கிடைத்தது. ஆனால் அதற்குள் தமிழகத்துத் தொடர்கள் தயாராக இருந்தன. ஓர் அத்தியாயத்தை நாமே எடுப்பதிலும் பார்க்க வாங்கிப் போடுவது மலிவு. கணக்குப் பார்க்கும் நிலையத்தைக் குறை சொல்வதிலே பயனில்லை. ரி.ஜி. 4 நிலையமும் கார்ட்டூன்களை வாங்கி ஐரிஷ் குரல் கொடுத்து ஒளிபரப்புகிறது. ஆனால் வாங்கியதை ஒரு பக்கத்திலே வைத்துக்கொண்டு, மறுபக்கத்திலே சொந்தமாக எழுதப்படும் நாடகத்துக்கென்று பொதுப்பணத்தை ஒதுக்கினார்கள். 'அமைதியான சிறுமி' எனப் பொருள்படும் ஐரிஷ் மொழித் திரைப்படம் 2023இல் ஒஸ்கார் இறுதிப் பட்டியலிலே இடம்பிடித்தது. அதற்குப் பணம் தந்த திட்டத்தின் பங்காளிகளில் ஒன்று இந்தச் சின்ன நிலையம்.

விளைவு என்னவென்றால், திரையிலே எங்கள் பேச்சுக்குச் சிரிப்பு மட்டுமே மிஞ்சியது. 2000இல் வந்த 'தெனாலி'யிலே கமல்ஹாசன் ஈழத் தமிழராக வந்தார். எதைக் கண்டாலும் பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் போர். கமல் உழைத்துப் பேசினார், நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சு அரங்கத்துக்குள்ளே நுழைந்ததுமே சிரிப்பு ஆரம்பித்துவிட்டது, அவர் என்ன சொல்லப் போகிறார் என்பதற்கு முன்னரே. சென்னை யாழ்ப்பாணத்தைப் பார்த்துச் சிரிக்கிறது என்று நாம் மனம் நோகிறோம். யாழ்ப்பாணம் யாரைப் பார்த்துச் சிரித்தது? பண்ணைப் பாலத்துக்கு அப்பாலிருந்து வந்தவனைத் 'தீவான்' என்று சொல்லி, அவன் வாயைத் திறந்ததும் நகரம் சிரித்த கதை தீவகத்தவர் எவருக்கும் தெரியும். தனிநாயகம் அடிகளைத் தந்த கரம்பனும், மு. தளையசிங்கத்தைத் தந்த புங்குடுதீவும் அந்தச் சிரிப்புக்குத் தப்பவில்லை.

தீவகம் கதைக்களமாக வந்ததேயில்லையா என்றால், வந்தது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நெடுந்தீவுக் கரையிலே நடக்கும் நாவல். வாடை பெயர்ந்ததும் வாடியடித்துத் தொழில் செய்ய வரும் மீனவர்கள், அவர்களோடு ஊருக்குள் வரும் காதலும் பகையும். 1978இல் அது திரைப்படமானது. ஈழத்துச் சினிமாவிலே நல்ல முயற்சிகளில் ஒன்றென இன்றும் அதைச் சொல்கிறார்கள். பின்னர் 1990, 1991ஆம் ஆண்டுகளிலே போர் தீவகத்தைக் காலியாக்கிற்று. பாரிஸிலும் ரொறொன்ரோவிலும் புங்குடுதீவார் ஒன்றுகூடல் மண்டபம் நிறைய நடக்கிறது; புங்குடுதீவிலே பூட்டிய வீடுகளுக்குள் ஆலமரம் வளர்ந்திருக்கிறது.

போன இடங்களிலே இரண்டு தீவகத்து முகங்கள் உலகத் திரைக்கு வந்தன. நெடுந்தீவோடு வேர்த்தொடர்புள்ள கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன் 2011இல் 'ஆடுகளம்' படத்திலே பேட்டைக்காரனாக நடித்தார். இந்திய தேசிய விருதுகளிலே சிறப்புக் குறிப்பும் பெற்றார். முகம் அவருடையது, நடை அவருடையது, அந்தக் கண்ணிலே ஏறும் வஞ்சம் அவருடையது. குரல் மட்டும் ராதாரவியுடையது. பாத்திரம் மதுரைக்காரர், மதுரைப் பேச்சு வேண்டும் என்பது நியாயம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் நிலையைக் காட்ட இதைவிட வேறு படம் தேவையில்லை.

மற்றவர் அல்லைப்பிட்டியைச் சேர்ந்த ஷோபாசக்தி. ஜாக் ஓடியாரின் 'தீபன்' 2015இல் கான் விழாவிலே தங்கப்பனை விருது பெற்றது. அது பிரெஞ்சு இயக்குநரின் படம். ஆனால் உரையாடலின் பெரும்பகுதி தமிழ். ஷோபாசக்தி தன் வாயால்தான் பேசினார். அதிலே ஓரிடம் எனக்கு மறக்காது. பிரெஞ்சுக்காரர் பகிடி விடும்போது சொல்லெல்லாம் விளங்குகிறது, சிரிப்புத்தான் வருவதில்லை என்ற கருத்திலே தீபன் சொல்கிறான். யாழினியோ, குறை மொழியிலே இல்லை, அவனிடந்தான் என்ற பாங்கிலே மறுமொழி கொடுக்கிறாள். அகதி வாழ்வைப் பற்றி எத்தனையோ எழுதப்பட்டிருக்கலாம். பகிடியை இழப்பதும் ஓர் இழப்பு என்று சொன்ன இடம் எனக்கு அதுதான். ஆயினும் அந்தப் படத்தை எடுக்கப் பணம் போட்டதும் முடிவு செய்ததும் பாரிஸ்.

ஐரிஷ்காரர் இதே இழப்பை ஒரு குறும்படமாக்கிச் சிரித்தார்கள். 2003இல் வந்தது, 'என் பெயர் யு மிங்' என்பது தலைப்பின் பொருள். சீன இளைஞன் ஒருவன் அயர்லாந்தின் மொழி ஐரிஷ் என்று புத்தகத்திலே படித்து, ஆறு மாதம் அதைக் கற்றுக்கொண்டு டப்ளினுக்கு வருகிறான். அவன் பேசுவது ஒருவருக்கும் விளங்கவில்லை. சீன மொழி என்று நினைக்கிறார்கள். கடைசியிலே மதுச்சாலையில் ஒரு கிழவருக்குத்தான் விளங்குகிறது. கொன்னமாராப் பக்கம் போனபின்தான் அவனுக்கு வேலையும் பேச்சுத்துணையும் கிடைக்கின்றன. பத்துப் பதினைந்து நிமிடத்திலே ஒரு மொழிக்கொள்கையை இவ்வளவு கிண்டல் செய்ய முடியும்.

தீவகத்துக்கு அப்படியொரு நகைச்சுவைத் தொடர் எழுத வேண்டுமானால் களத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. குறிகட்டுவான் இறங்குதுறை போதும். நாகபூஷணி அம்மனுக்கும் நாகவிகாரைக்கும் போகிறவர்கள் ஒரே படகு வரிசையிலே நிற்கிறார்கள். நெடுந்தீவுப் படகுக்கு அரிசி மூட்டை, எரிவாயுச் சிலிண்டர், கோழிக்கூடு. நெடுந்தீவுப் பாடசாலைக்கு நியமனம் கிடைத்து, இடமாற்றத்துக்கு நாளெண்ணும் ஓர் இளம் ஆசிரியை. தாத்தாவின் காணி எல்லையைப் பார்க்கக் கனடாவிலிருந்து வந்து, 'ழ'வையும் 'ள'வையும் ஒன்றாக்கிப் பேசும் பேரன். எல்லோருக்கும் மொழிபெயர்க்க முன்வரும், யாருக்கும் சரியாக மொழிபெயர்க்காத ஒரு கச்சான்காரி. கடல் கொந்தளிக்கிறது, படகு வெளிக்கிடாது. மூன்று மணித்தியாலம் ஒருவரும் எங்கும் போக முடியாது. கோமாளிகள் நால்வரின் வாயில்லாமலே அங்கே ஏழெட்டுத் தமிழ் தானாகக் கேட்கும். ஆசிரியைக்கு இடமாற்றம் கிடைக்குமா, பேரன் கல்வேலியைக் கண்டுபிடிப்பானா என்ற இரண்டு கேள்வியிலே ஆறு அத்தியாயம் ஓடும். செலவு? ஒரு துறை, ஒரு படகு, மழை வந்தால் ஒதுங்க ஒரு கொட்டகை. இன்று கைத்தொலைபேசியிலே குறும்படம் எடுக்கும் யாழ்ப்பாணத்து இளைஞருக்கு இது பெரிய தொகையன்று. எழுதுகிறவருக்கு ஆறு மாதச் சம்பளம் கொடுப்பதுதான் பெரிய தொகை. அதை யாரும் கணக்கிலே போடுவதில்லை. ஊர்ச் சங்கங்கள் கோயில் திருப்பணிக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் அள்ளிக் கொடுக்கின்றன. ஒரு நாடகாசிரியருக்கு ஆறு மாதம் சோறு போடுவதும் திருப்பணி தான் என்று அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

அதே கடலிலே எழுத வேண்டிய வேறொரு நாடகமும் இருக்கிறது. 1985 மே 15ஆம் நாள் காலையிலே நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகு வழியிலே மறிக்கப்பட்டு, பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களிலே பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். இதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கொலை நடந்த நேரத்திலிருந்து தொடங்குகிறார்கள். படகு துறையை விட்ட நேரத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். அன்று காலை ஏறியவர்கள் என்ன பேசிக்கொண்டு ஏறியிருப்பார்கள்? பட்டணத்திலே வாங்க வேண்டிய சாமானைப் பற்றி, காய்ச்சல் விடாத பிள்ளையைப் பற்றி, உங்கை இருக்கிறவர் கொஞ்சம் அரக்கி இருந்தால் என்ன என்பதைப் பற்றி. யாரோ ஒருவர் ஒரு பகிடி விட்டிருப்பார். பக்கத்திலே இருந்த ஆச்சி, "உவனுக்கு விடியவே துவங்கிட்டுது" என்று சொல்லியிருப்பா. அந்த அரை மணித்தியாலப் பேச்சை நெடுந்தீவார் காதுக்குப் பிழைபடாமல் எழுதக்கூடிய ஒருவர் எங்கோ இருக்கிறார். வவுனியாவிலோ, பாரிஸிலோ, நெடுந்தீவிலேயோ. அவருக்கு முதலில் அந்த இறங்குதுறை நகைச்சுவையை எழுதக் கொடுங்கள்.